கொசுக்கடி அளவு

"தழும்பு விழுமா டாக்டர்?"

நாகையா கேட்ட முதல் கேள்வி அதுதான். பக்கத்தில் மகள் தாமரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். முந்தின வாரம் அவள் ரத்த வாந்தி எடுத்திருந்தாள்.

டாக்டர் ரோகிணி திரையைத் திருப்பிக் காட்டினார்.

"கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் இது, அங்கிள். ரத்தம் கட்டி அடைச்சிருக்கு. வயித்தக் கிழிக்க வேணாம். விலாவுல ஊசி போட்டு, மெல்லிய டியூப் விட்டு அடைப்ப எடுப்போம். திரும்ப மூடாம இருக்க உள்ள ஒரு ஸ்டென்ட் வைப்போம். வெளிய கொசுக்கடி அளவுதான் தெரியும். அதுவும் மறைஞ்சிடும்."

நாகையா அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆனா இந்த நீல மாத்திரைய டெய்லி சாப்பிடணும். ரத்தம் உறையாம பாத்துக்கும். நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சிக்கும். உயிருக்கே ஆபத்து."

"சரி. யாருக்கும் தெரியாதுதானே? தையில கல்யாணம்."

மலேசியாவின் கிள்ளான் நகரில் அவர் குடும்பத்துக்கு ஒரு பெயர் இருந்தது. கோயில் தேரின் முதல் வடம் மூன்று தலைமுறையாக அவர்கள் கையில். நோயாளிப் பெண்ணைத் தள்ளிவிட்டான் என்று ஒரு வாய் சொல்லக்கூடாது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கல்யாணமும் முடிந்தது. பிரிக்பீல்ட்ஸில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு மகளை அனுப்பும்போது, அவள் பெட்டியிலிருந்த மாத்திரைகளை நாகையா வெளியே எடுத்தார்.

"அப்பா, நிறுத்தக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களே."

"நல்லாதானேலா இருக்க. அம்பாங்ல உன் சித்தப்பா வீட்டப் பாத்தல்ல? பொண்ணுக்கு வலிப்புன்னு தெரிஞ்சதும் வாசப்படி ஏற ஆளில்ல. யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு."

தாமரை சத்தியம் செய்தாள்.

மூன்றாம் மாதம், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. தாமரை மறுபடி ரத்த வாந்தி எடுத்து நினைவிழந்திருந்தாள். மாப்பிள்ளை யுகேந்திரனின் சட்டையெல்லாம் ரத்தம்.

"மாமா, முன்னாடி ஏதாச்சும் நோய் இருந்துச்சான்னு கேக்குறாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். ஒடம்புல ஒரு தழும்புகூட இல்லையே. எதாச்சும் இருந்தா சொல்லுங்க மாமா."

சம்பந்தி வீட்டார் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். நாகையா முதுகை நிமிர்த்தினார்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் ஒண்ணும் கிடையாது."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. உள்ளே ஸ்டென்ட் இருந்ததையும், அது அடைத்துப்போனதையும் ஸ்கேனில் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டர். முன்பே தெரிந்திருந்தால் அடைப்பைத் திறந்து உயிரைக் காப்பாற்றியிருக்கலாமாம்.

நாகையா தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். ஊசி, ஸ்டென்ட், மாத்திரை, சத்தியம்.

யுகேந்திரனின் தாயார் உஷாராணி அவர் எதிரில் வந்து நின்றார்.

"எந்த மாத்திரைண்ணே? சின்னதா, நீலக் கலர்ல, ரத்தம் உறையாம இருக்கவா?"

அவர் தலையசைத்தார். உஷாராணி கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அதே மாத்திரை.

"இதய வால்வு மாத்துனதுலேருந்து நான் சாப்பிடுறேன். ஊருக்கே தெரியும். எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையிலயே கிடக்கும்ண்ணே."

அட்டையை நாகையாவின் கையில் வைத்தார்.

"வந்த நாள்லேருந்து, தெனம் காலையில தண்ணியோட இத என் கையில எடுத்துக் குடுத்ததே தாமரைதான்."