இரண்டாவது கரண்டி உப்பு

இன்று பருப்பைக் கெடுக்க வேண்டியது என் முறை.

ஆறு மணிக்கே பெரிய பானையை அடுப்பில் ஏற்றிவிட்டேன். அரைக் கிலோ பருப்பு, நாலு உருளைக்கிழங்கு, பாதி முட்டைக்கோஸ். ஊரெல்லாம் தூக்கிப் போடும் கோஸின் நடுத்தண்டையும் பொடியாக நறுக்கிச் சேர்த்தாயிற்று. கல்லூரி விட்டுக் கொலைப் பசியோடு வரும், இந்த வாடகை வீட்டுப் பெண்கள் எங்கள் ஐந்து பேருக்கு இரண்டு வேளை தாங்கும்.

ஜாடியிலிருந்து ஒரு கரண்டி உப்பு போட்டேன். ருசி பார்த்தேன். சரியாக இருந்து தொலைத்தது.

சுவரில் முறைப்பட்டியல் ஒட்டியிருக்கிறது. சமைப்பது, பாத்திரம் கழுவுவது, பெருக்குவது. கெடுப்பது மட்டும் அதில் இல்லை. அது எங்களுக்குள் வாய்ப்பேச்சு ஏற்பாடு, செவ்வாயும் வெள்ளியும்.

கெடுப்பதற்கும் விதி உண்டு. கருகவிடக் கூடாது, கருகினால் மருந்தில்லை. போன மாதம் எங்கள் நெட்டச்சி ஆர்வக்கோளாறில் அடிப்பிடிக்க விட்டுவிட, அன்று எல்லோரும் வெறும் ரொட்டியைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தோம்.

கெடுக்காமலே கெட்டுவிட்டது என்று புளுகவும் முடியாது. போனைப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொல்வார். கொதிக்கிற சத்தத்தை வைத்தே நீர்த்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடுவார். தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருடம் கரண்டி பிடித்த மனுஷர்.

உப்புமூட்டையின் அப்பா.

உப்புமூட்டை எங்களில் ஆறாவது ஆள். இந்த வீட்டுச் சமையலே அவள் கையில்தான் இருந்தது. ஒரு முட்டைக்கோஸை மூன்று நாளைக்கு இழுப்பாள். காய்ந்த ரொட்டியைப் பருப்பில் பிய்த்துப் போட்டு ஆறு வயிற்றையும் நிரப்பிவிடுவாள். உப்பில் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாளாவது கோட்டை விடுவாள். அதனால்தான் அந்தப் பெயர்.

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு முதல் நாளே பிரஷர் வந்துவிடும் என்று ஓட்டுவோம். ஈ என்று இளித்துக்கொண்டே அப்பாவுக்குப் போன் போடுவாள். ஜன்னல் கட்டையில் வைத்து ஸ்பீக்கரைப் போடுவாள். பருப்புக்கு வைத்தியம் இரண்டு நிமிடம், மீதி அரை மணி நேரம் அப்பாவும் மகளும் வெட்டிக்கதை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மாலை, பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தவள் வீடு வந்து சேரவில்லை.

அவளுடைய பெட்டியை எடுத்துப்போக வந்த அப்பா, அவள் கொண்டுவந்திருந்த பெரிய பானையை மட்டும் எடுக்கவில்லை. பசிக்கிற வீடு, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கல்லூரியில் சேர்வதற்கு முந்தின வருடமே அவளுடைய அம்மா தவறிவிட்டார். அந்த வீட்டில் இனி அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் எத்தனை தடவை கூப்பிட்டு நலம் விசாரித்தாலும் வெறும் "ம்"தான். வேலைக்குப் போவதில்லை, அடுப்பே மூட்டுவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எங்களுக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் ஒருநாள், நிஜமாகவே எனக்கு உப்பு கூடிப்போனது. என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்கே போன் போட்டேன். பன்னிரண்டு நிமிடம் பேசினார். போனை வைத்த கையோடு எழுந்து தனக்கும் ஒரு பிடி சோறு வடித்தாராம், மறுநாள் அவரே சொன்னார்.

அன்று தொடங்கியதுதான் இந்த முறை.

இரண்டாவது கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினேன். வாயில் வைக்க முடியவில்லை. மற்ற நாலு பேரும் தட்டோடு வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டார்கள். ஜன்னல் கட்டையில் போனை வைத்தேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நெட்டச்சி நகத்தைக் கடித்தாள். நின்றுபோகும் நேரத்தில் எடுத்தார்.

"அப்பா, உப்பு கூடிடுச்சு."

போனைப் பானைப் பக்கம் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டார். பிறகு வழக்கம்போல ஆரம்பித்தார். ஒரு சொம்பு வெந்நீர் ஊற்று, இரண்டு பிடி அரிசியைக் கழுவிப் போடு, உப்பும் இறங்கும், வயிறும் நிறையும். சொன்னபடி செய்தேன்.

"இன்னைக்கு உன் முறையாம்மா?"

"ஆமாப்பா, நான்தான் சமைக்கிறேன்."

"சமைக்கிறதைக் கேக்கல. கெடுக்கிறதைக் கேட்டேன். செவ்வாய், வெள்ளின்னா ஒருத்தி கையாவது தவறிடுதே."

ஐந்து பேரும் திருதிருவென்று முழித்தோம். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபமா என்று கேட்டேன்.

"கோவம் என்னம்மா கோவம்." சிரிக்கப் பார்த்தார், குரல் உடைந்துவிட்டது. "அவளும் இப்படித்தான். அவ அம்மா போனதுக்கு அப்புறம், நான் தனியா கிடக்கேனேன்னு அங்க உப்பைக் கொட்டிட்டு எனக்குப் போன் பண்ணுவா. எட்டு வயசுலேர்ந்து என்கூட அடுப்படியில நின்னவம்மா. அவ கைக்கு உப்பு தெரியாதா?"

மூன்று வருடம் அவளை உப்புமூட்டை என்று கூப்பிட்டுச் சிரித்திருக்கிறோம். ஒருத்திக்குக்கூட இது தோன்றவில்லை. நெட்டச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

பானையில் அரிசி தளதளவென்று கொதித்தது.

"பொங்குது பாரு, தீயைக் குறை" என்றார் அங்கிருந்தே. "போனை மட்டும் வெச்சிடாதீங்கம்மா."