கோரைச் சாட்சி

கோரை பொய் சொல்லாது.

சாயப்பட்டறை முதலாளி பொங்கியண்ணன் இதை அரிச்சந்திரனின் சொந்தக்காரர்போலச் சொன்னார். குளத்தில் கோரை பச்சையாக நின்றால் தண்ணீர் சுத்தம். அதற்கு மேல் ஒரு சாட்சி உலகத்தில் கிடையாது.

வெள்ளையன் தலையாட்டினான். அவன் முதுகில் பருத்திக்கு மருந்தடிக்கும் டேங்க் தொங்கியது. அதற்குள் பச்சைச் சாயம் இருந்தது.

கோரை செத்து இரண்டு வருஷம். கரையோரம் முழுக்க வைக்கோல் நிறத்தில், விழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் நின்றது. அதே ஊர் மருதம்மாள் சாயத் தண்ணீரை நிறுத்தச் சொல்லிப் போட்ட மனுவுக்காகப் பத்து மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். அவர் குறை எழுதினால் பட்டறைக்குப் பூட்டு. எழுதாவிட்டால் லைசென்ஸ் நீடித்து, இன்னும் ஐந்து வருஷத்துக்குச் சாயத் தண்ணீர் குளத்துக்குத்தான்.

வெள்ளையன் வீட்டுக் கிணறும் குளத்துக்குக் கீழேதான் இருந்தது. குடிக்கிற தண்ணீரை அவன் மனைவி இரண்டு மைல் நடந்து எடுத்து வந்தாள்.

பதினேழு வருஷ டையிங் மாஸ்டர் அவன். ஒரே ஷேடு, ஒரு திட்டு இல்லாமல் அடித்தான். கோரைப் பூ பழுப்பாக இருக்கும் என்பது பொங்கியண்ணனுக்கு நினைவில்லை. பூவையும் பச்சையாக்கச் சொன்னார்.

அதிகாரி வந்தார். கரையில் நின்று நெடுநேரம் பார்த்தார். இயற்கை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்று அவர் ஆரம்பித்ததும், பொங்கியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தண்ணீர் பிடிக்கக் கொண்டுவந்த பாட்டில் ஜீப்பிலேயே இருந்தது.

"ஏனுங்க சாமி, வந்ததுதான் வந்தீங்க, ஒண்ணே ஒண்ணப் புடுங்கிப் பாருங்க," என்றாள் மருதம்மாள்.

பிடுங்கினார். உள்ளங்கை முழுக்கப் பச்சை.

வெள்ளையன் அந்தக் கையையே பார்த்தான்.

"பச்சைப் புல்லுங்க. சாறு ஒட்டத்தானுங்க செய்யும்," என்றார் பொங்கியண்ணன்.

அதிகாரி டவுனில் வளர்ந்தவர். அதைக் காட்டிக்கொள்ள விரும்பாமல், தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, கோரை செழிப்பாக இருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார்.

மருதம்மாள் மனுவின் நகலை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.

ஜீப் மறைந்ததும் பொங்கியண்ணன் திரும்பினார். "மாஸ்டருன்னு பேரு. கையில ஒட்டுதே, பசை கலக்குனியா இல்லியாடா?"

துணியில் அச்சடிக்கும் சாயம் அது. பசை கலந்தால்தான் அடித்த இடத்தில் பிடித்து நிற்கும்; கலக்காவிட்டால் தொட்ட கையில் ஒட்டும். திருப்பூரில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். அதிகாரி கையில் ஒட்டட்டும் என்றுதான் வெள்ளையன் கலக்கவில்லை.

"மறந்துட்டேனுங்க," என்றான்.