லிஸ்டில் முதல் பெயர்

"பெத்த அப்பன் புள்ளைக்கு மெயில் போடக் கூட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள் ஞானகுமாரி. அண்ணனூரிலிருந்து பருத்திப்பட்டு வரை ஆட்டோவில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வசனம்.

தம்பி மனைவி ஹெலினா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"உக்காருங்க அண்ணி."

"உக்கார வரல. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்க வந்தேன்."

எட்மண்ட் ஹெலினாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஓசூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத தம்பி. நேற்று போனில் அழுதுவிட்டான். 'வாராவாரம் நிஷாவுக்கு மெயில் போட்டுக்கினுதான் கீறேன்க்கா. ஹெலினாதான் போய்ச் சேரவுடாம தடுத்து வெச்சிருக்கா.'

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? சர்ச்சில் சண்டே கிளாஸ் டீச்சர் வேறு. மனசறிந்து ஒரு பொய் சொன்னதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நியாயம் கேட்கக் கிளம்பிவிட்டாள்.

பன்னிரண்டு வயது நிஷா ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா அத்தை. அம்மா ஒரு லிஸ்ட் போட்டிருக்காங்க. அதுல பேர் இருக்கிறவங்க மெயில் மட்டும்தான் எனக்கு வரும். அப்பா பேரை எடுத்துட்டாங்க. அவங்களே சொன்னாங்க."

"இன்னா பொம்பள நீ!" ஞானகுமாரிக்கு ரத்தம் கொதித்தது.

"நிஷா, கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வா" என்றாள் ஹெலினா.

"எல்லாம் உன்னாலதான்!" கதவை அறைந்துவிட்டுப் போனாள் நிஷா.

"கேட்டியா? எடு அந்த லிஸ்ட்டை. என் கண்ணெதிர்ல தம்பி பேரைச் சேரு."

"வேணாம் அண்ணி."

"காட்டுடி!"

ஹெலினா போனை நீட்டினாள். மொத்தமே ஐந்து பெயர். கிளாஸ் மிஸ், கணக்கு சார் கார்த்திகேசன், இரண்டு தோழிகள். எல்லோருக்கும் மேலே முதல் பெயர், எட்மண்ட்.

ஞானகுமாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே பெயர்தான்.

"லிஸ்ட்ல இல்லாதவங்க மெயில் எல்லாம் இதுல வந்து நிக்கும். இதையும் பாத்துடுங்க" என்று இன்னொன்றைத் திறந்தாள் ஹெலினா. ஷாம்பு விளம்பரம், டியூஷன் சென்டர் விளம்பரம். தம்பியின் மெயில் ஒன்றுகூட இல்லை.

"நிஷா தினம் ஸ்கூல் விட்டு வந்ததும் மெயிலைத் திறந்து திறந்து பாப்பா அண்ணி. 'அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையா'ன்னு கேட்டுட்டு மூணு நாள் சரியாவே சாப்பிடல. அப்பதான், நான் அவர் பேரை எடுத்துட்டேன்னு சொன்னேன். கத்தினா, பாத்திரத்தைத் தூக்கிப் போட்டா. அப்புறம் சாப்பிட்டா."

உட்கார வராத ஞானகுமாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடவே வளர்ந்த தம்பி. அழுதது கூட நடிப்பா? அவமானத்தில் அவளால் நிமிரவே முடியவில்லை.

கதவு திறந்தது. பால் பாக்கெட்டோடு நிஷா.

"அத்தை, கேட்டீங்களா? அப்பா பேரைச் சேத்தாங்களா?"

ஹெலினா பயத்தோடு நாத்தனாரையே பார்த்தாள்.

ஞானகுமாரி குழந்தையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"கேட்டேன்டி கண்ணு. உங்கம்மா மசியற ஆளா? கல்நெஞ்சுக்காரி." நிஷாவின் தலையைக் கோதிவிட்டாள். "உங்கப்பன்தான் பாவம். வாராவாரம் போட்டுக்கினுதான் கீறான்."