மூன்று நாள் மௌனம்

நான்கு மணிக்கு மென்பொருளின் புதிய பதிப்பு எல்லாருக்கும் போக வேண்டும். சோதனைப் பதிப்பில், வெளியாள் ஒருவர் எழுதிய இணைப்புச் செயலி மட்டும் இயங்கவில்லை.

“அந்தச் செயலியைப் பயன்படுத்தறது ஒரே ஒருத்தர். அவருக்காக நிறுத்த முடியாதும்மா” என்றார் மேலாளர் தேவசகாயம்.

பதிப்பைச் சோதிக்கும் மங்கை, அந்தப் பயனரை ஸ்பீக்கரில் அழைத்தாள். அவர் மனைவி எடுத்தார்.

“அவருக்குப் பக்கவாதங்க. கண்ணை அசைச்சா அந்தச் செயலிதான் அவருக்காகப் பேசும். சோதனைக்குன்னு நீங்க அனுப்பின புதுசைப் போட்டதுலேருந்து மூணு நாளா பேச்சே இல்ல. எம்மேல கோவம்னு நெனச்சேன்.”

பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை மங்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மணி மூன்று ஐம்பத்தெட்டு. வெளியிடும் பொத்தானை அழுத்த தேவசகாயம் கையை நீட்டினார். அப்போது போனில் ஓர் இயந்திரக் குரல் கேட்டது.

“மூணு நாளா... முதுகுக்குக் கீழ... ஏதோ... குத்திக்கிட்டே இருக்கு.”

மணி நான்கைத் தாண்டியது. நீட்டிய கையை தேவசகாயம் மடக்கிக்கொண்டார்.