மூன்றாவது கியர்

தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்து சேர்வதற்குள் வண்டியின் அந்த முனகலை அமுக்கியாக வேண்டும்.

வண்டி புரோக்கர் ஆளில்லாத சாலையில் மூன்றாவது கியரில் ஓட்டிக்கொண்டே, ஸ்டீரியோ திரையில் சுருதிகளை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் புள்ளியை விரலால் நகர்த்தினான். கியர் பாக்ஸ் எந்தச் சுருதியில் அழுகிறதோ, பாட்டில் அந்த இடத்தை மட்டும் மேடு மாதிரி தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் இடப்பக்கம். கொஞ்சம் அகலம். இன்னும் மேலே.

முனகல் பாட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

யார் தலையிலும் கட்ட முடியாமல் ஷெட்டில் நின்ற வண்டி. தங்கச்சியே இதை வாய்விட்டுக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளை கல் உடைக்கிற மெஷினில் பாதிக் காதைத் தொலைத்தவன். அந்த வேலையை விட்டுவிட்டு, இனி இதை வாடகைக்கு ஓட்டித்தான் பிழைக்க வேண்டும். அவனைப் பற்றிக் கவலை இல்லை. தங்கச்சிக்குத்தான் பாம்புச் செவி.

இப்படிக் கணக்குப் போடுகிறோமே என்று நினைத்தபோது, புரோக்கருக்குத் தன் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. திருப்பி வைத்தான்.

வந்தார்கள். மாப்பிள்ளை ஸ்டீயரிங் பிடித்தான். புரோக்கர் பக்கத்தில். தங்கச்சி பின்னால்.

“பாட்டு என்னமா கேக்குதுண்ணே! இவரு காதுக்கே கேக்கும்போல!”

மூன்றாவது கியர் விழுந்தது.

மாப்பிள்ளை கியர் லீவரிலிருந்து கையை எடுக்கவில்லை. காய்த்துப்போன உள்ளங்கையை அதன் தலைமேல் பொத்தி வைத்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. நான்காவதுக்குப் போனான். மூன்றாவதுக்கு இறங்கினான். மறுபடியும் ஏறி இறங்கினான்.

புரோக்கர் அந்தக் கையையே பார்த்தான்.

கல் மெஷினில் எவன் காதை வைத்து வேலை பார்த்தான்? அந்த இரைச்சலில் மெஷினின் கோளாறைக் கண்டுபிடிப்பதெல்லாம் அதிர்வைத் தொட்டுப் பார்க்கிற கைதான். புரோக்கரும் ஒரு காலத்தில் அங்கே கூடை தூக்கியவன்தான். மறந்துபோயிருந்தது.

“என்னங்க, வண்டி எப்படி?” தங்கச்சி முன்னால் எட்டிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒங்கண்ணன் நமக்குன்னு பாத்து வச்ச வண்டி. என்ன கொற இருந்துரப்போவுது?”

“நான் சொன்னேன்ல!” அவள் நிம்மதியாகப் பின்னால் சாய்ந்தாள்.

“மாப்ளே, இது வந்து…” புரோக்கர் வாயெடுத்தான்.

மாப்பிள்ளை கண்ணாலேயே பின் இருக்கையைக் காட்டினான். பிறகு கையை நீட்டி, பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்தான்.