அடிக்கத் தெரியாத வில்லன்

“கட்! உங்களுக்கு அடிக்கவே தெரியலண்ணே” என்றாள் டைரக்டர்.

மீசைக்காரருக்குச் சுருக்கென்றது. நூறு படத்தில் எலும்பை நொறுக்கிய வில்லன் அவர். நேற்றுவரை கதாநாயகியாக நடித்துவிட்டு, இன்று சொந்தக் கதையைப் படமாக்க வந்தவள் அவருக்கே பாடம் எடுப்பதா?

“பெண்டாட்டியை அடிக்கிற சீன்தானேம்மா? கத்திக்கிட்டே பாய்ஞ்சேனே, போதாதா?”

“கத்தக் கூடாது. முதல்ல வாட்சைக் கழற்றி மேசையில வைங்க. டிவி சத்தத்தைக் கூட்டுங்க. அப்புறம் முடியைச் சுருட்டிப் பிடிச்சு, பின்மண்டையைச் சுவத்துல மோதுங்க. விழுந்ததும் விலாவுல மிதிங்க. முகத்துல மட்டும் கீறல் விழக்கூடாது. காலையில ஷூட்டிங் போகணும்ல?”

மீசைக்காரர் விழித்தார்.

“கதையில இவ ஸ்கூல் டீச்சராச்சேம்மா! ஷூட்டிங் எங்கேருந்து வந்துச்சு?”

அவள் அவருக்குப் பின்னால் எதையோ பார்த்து வெளிறிப்போனாள். மீசைக்காரர் திரும்பினார்.

அங்கே நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். திரையில் ஈ எறும்பைக்கூட நசுக்காத கதாநாயகன்; இந்தப் படத்தின் தயாரிப்பாளரும் அவரே.

சிரித்த முகம் மாறாமல், அவர் தன் வாட்சைக் கழற்றிக்கொண்டிருந்தார்.