மிஞ்சிய ஜோடி

ரஷ்யாவின் கசான் நகரைச் சுற்றிப்பார்க்க வந்த பதினான்கு பேரும் பழைய பள்ளிவாசலின் வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பார்த்து முடித்து, அவரவர் காலணியை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்கள். ஒரு ஜோடி மிஞ்சியது.

"யாருப்பா வெறுங்காலோட வண்டி ஏறினது?" சிரித்தபடி குனிந்தாள் வழிகாட்டி ஃபிர்தானியா.

கொளுத்தும் ஜூலை வெயிலில் கம்பளிப் பூட்ஸ். இடது குதிகாலில் அவளே போட்ட சிவப்பு நூல் தையல். நான்கு வருடத்துக்கு முன் உறைந்த வோல்கா ஆற்றில் மீன் பிடிக்கப் போன கணவன் ரிஃப்கத் போட்டிருந்தது. பனிப்பாளம் உடைந்து உள்ளே போனவனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

தொட்டாள். அதில் ஒட்டியிருந்த பனி இன்னும் கரையவில்லை.

"அக்கா!" பேருந்திலிருந்து ஓட்டுநர் கத்தினான். "உங்க சீட்டுல ஒருத்தர் சொட்டச் சொட்ட நனஞ்சு உக்காந்திருக்காரு. எழுந்திருங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. அந்த பூட்ஸ நீங்க எடுத்துட்டு வருவீங்களாம்."